சல்லடை வேறு, ஏலம் வேறு

தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று ஓடும் ராத்திரிகளில் எங்கள் வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். "யாரு நல்லாப் பாடுதா?" என்பது அத்தையின் கேள்வி. "யாரு செயிப்பா?" என்பது அத்தை மகனின் கேள்வி. இருவரும் ஒரே பெயரைச் சொன்ன நாளும் உண்டு. சண்டையில் முடிந்த நாளே அதிகம். இரண்டும் ஒரே கேள்வி என்று இருவரும் நினைத்துக்கொள்வதுதான் சண்டைக்கு வேர். இது எங்கள் வீட்டு வழக்கு மட்டுமில்லை. இருபது ஆண்டுகளாகத் தமிழ் வீடுகள் பலவற்றிலும் இதே சண்டைதான்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வந்திருக்கவே கூடாது. முன்கூட்டிக் கணிப்பது, விலை பேசுவது, தரம் பிரிப்பது என்ற மூன்றையும் தனித்தனி வேலையாக வைத்திருந்த கரை இது. மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டுகளைப் பார் என்பார்கள். தொலையிரம் பார் அவற்றில் பேர்பெற்றது. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன் பாரில் ஆள் இறங்கி மாதிரிக்குச் சிப்பி எடுப்பார்கள். அதை அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடுவார்கள். அது கணிப்பு. குளித்தெடுத்த சிப்பி கரைக்கு வந்து கொட்டில் குவிந்ததும், வாய் திறக்காத சிப்பியாகவே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். அது சந்தை.

முத்து வெளியே வந்த பிறகுதான் தரம். ஒரே அளவான பத்துப் பித்தளைச் சல்லடைக் கிண்ணங்கள் இருக்கும். ஒன்றில் 20 ஓட்டை, அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று ஏறிக் கடைசிக் கிண்ணத்தில் 1000 ஓட்டை. அளவு பிரிந்ததும் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி முதல் தூள் வரை வகை பிரிப்பார்கள். மேல்வகை முத்துக்குச் செவ்வு என்று ஒரு கணக்கு உண்டு. அது எடையின் வர்க்கத்தைக் கொண்டு போடுவது. ஒரு முத்தின் எடை இரண்டு மடங்கானால் மதிப்பு நான்கு மடங்காகும். ஏலத்தில் அதிக விலைக்குப் போன குவியல் என்பதற்காக எந்த முத்தும் ஆணி ஆகிவிடாது. சல்லடைக்கு ஏலம் தெரியாது.

பாட்டுப் போட்டியில் சல்லடையும் ஏலமும் ஒரே மேடையில் நடக்கின்றன. நடுவர் தரம் சொல்கிறார், பார்வையாளர் வாக்குப் போடுகிறார், முடிவில் ஒரே ஒரு பெயர் வருகிறது. அந்தப் பெயர் இரண்டில் எதற்கு விடை என்று யாரும் சொல்வதில்லை.

எங்கள் கரையில் பாட்டுப் போட்டி முதலில் காதுவழி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து இலங்கை வானொலி துல்லியமாகக் கேட்கும். பி.எச். அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' அங்கே வளர்ந்து, பின்னால் தொலைக்காட்சிக்கும் வந்தது. சன் தொலைக்காட்சியில் ஏ.வி. ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' அடுத்த படி. சின்மயி அதில் பாடிக் கவனம் பெற்றவர். அவற்றில் வெற்றியைத் தீர்மானித்தது அரங்கத்துக்குள் நடந்ததுதான். 2006இல் விஜய் தொலைக்காட்சி 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபோது வெளியே இருப்பவரும் தீர்ப்பாளர் ஆனார். முதலில் குறுஞ்செய்தி, பிறகு இணையம், கைபேசிச் செயலி என்று வாக்குப் பெட்டி மாறியது. கேள்வி மாறவில்லை.

முதலில் நடுவர் மதிப்பெண்ணைப் பார்ப்போம். சுருதி, லயம், உச்சரிப்பு, பாவம் என்று கட்டம் போட்ட தாளில் கூட்டல் போட்டவர்களுக்குத் தெரியும், அந்தக் கூட்டலுக்குள்ளேயே ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு நடுவர்கள், இரண்டு பாடகர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையிறுக்கமான நடுவர் முதலாமவருக்கு 8.5, இரண்டாமவருக்கு 9 போடுகிறார். தாராளமாகக் கை வீசும் நடுவர் முதலாமவருக்கு 9, இரண்டாமவருக்கு 6 போடுகிறார். கூட்டினால் 17.5, 15. இருவரும் எதிரெதிர்த் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் வீச்சு அதிகமுள்ளவர் சொன்னதுதான் நின்றது. முதல் நடுவர் அன்று வராமலே இருந்திருக்கலாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு நடுவரும் தரும் வரிசையை மட்டும் எடுத்தால் இந்தக் குறை தீரும். ஆனால் மயிரிழை வித்தியாசமும் மலை வித்தியாசமும் அப்போது ஒன்றாகிவிடும்.

அடுத்தது பாடும் முறை வரிசை. பிரஸ்ஸல்ஸ் நகரின் எலிசபெத் அரசி இசைப் போட்டி உலகின் கடுமையான போட்டிகளில் ஒன்று. பியானோ இறுதிச் சுற்றில் நாளைக்கு இருவர் வீதம் ஆறு நாளில் 12 பேர் வாசிப்பார்கள். யார் எந்த நாள் என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். 1996இல் ஃப்ளோரஸ், ஜின்ஸ்பர்க் என்ற இருவர் பழைய முடிவுகளை அலசினார்கள். முதல் நாளில் வாசித்தவர்கள் பின்தங்கியும் கடைசி நாட்களில் வாசித்தவர்கள் முன்னேறியும் இருந்தார்கள். சீட்டில் வந்த நாளுக்கும் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. நடுவர்கள் உலகத் தரமான இசைவாணர்கள். அப்படியும் வரிசை அவர்களை இழுத்திருக்கிறது. பல நாடுகளின் 'ஐடல்' நிகழ்ச்சிகளை 2010இல் ஆராய்ந்த லியோனல் பேஜ், கேட்டி பேஜ் இருவரும் அங்கும் பின்னால் பாடுபவருக்கே சாதகம் இருப்பதைக் கண்டார்கள். தொலைக்காட்சியிலோ குலுக்கல்கூட இருக்க வேண்டியதில்லை. யாரைக் கடைசியில் பாடவைப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்யலாம்.

கண் இன்னும் பெரிய சிக்கல். 2013இல் சியா-ஜுங் சே என்ற ஆய்வாளர், இசைப் போட்டி இறுதிச் சுற்றுகளின் துண்டுகளைச் சிலருக்கு ஒலியாக மட்டும் கேட்கவைத்தார். சிலருக்கு ஒலியை அணைத்துப் படமாக மட்டும் காட்டினார். வென்றவர் யார் என்று சரியாகச் சொன்னவர்கள் ஊமைப் படம் பார்த்தவர்கள். ஒலி மட்டும் கேட்டவர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிட மேலாகச் சொல்லவில்லை. தேர்ந்த இசைக் கலைஞர்களுக்கும் இதே கதிதான். இதை முதலில் படித்தபோது எனக்கு மனசு கசந்தது. காதை நம்பித்தான் தீர்ப்புச் சொல்கிறோம் என்று நானும் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

இதற்கு மருந்து நம்மிடம் முன்பே இருந்தது. அகில இந்திய வானொலி 1950களில் கொண்டுவந்த குரல் தேர்வில், பாடுபவரின் முகத்தைக் காணாமல் குரலை மட்டும் கேட்டு பி, பி உயர்தரம், ஏ, டாப் என்று தரம் கொடுத்தார்கள். அதிலும் மனத்தாங்கல்கள் உண்டு, தேர்வையே எதிர்த்த வித்வான்களும் உண்டு. ஆனால் அங்கே யாரையும் 'வெளியேற்ற' வேண்டியிருக்கவில்லை. ஒரே தரத்தில் நூறு பேர் இருக்கலாம். முத்துச் சல்லடையும் அப்படித்தான்; 50 ஓட்டைக் கிண்ணத்தில் தங்கிய முத்துகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரும் எண்ணிட்டு அடுக்குவதில்லை. குரல்களை வகைப்படுத்த முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒன்றன்பின் ஒன்றாக ஏணியில் ஏற்ற முடியும் என்று நம்பவில்லை. சுத்தமான கர்நாடகச் சங்கீதக் குரலையும் வயக்காட்டில் திறந்த தொண்டையையும் ஒரே ஏணியில் எந்தப் படியில் வைப்பது?

2018இல் அந்தக் கேள்வி நேராகவே வந்தது. 'சூப்பர் சிங்கர்' ஆறாம் பருவத்தில் நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் வென்றார்; பயிற்சி பெற்ற குரலான ரக்ஷிதா இரண்டாமிடம். அன்று தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. இவர் பாட்டு மண்ணின் பாட்டு என்றது ஒரு பக்கம். போட்டி சங்கீதத்துக்கா, அனுதாபத்துக்கா என்றது மறுபக்கம். செந்தில் கணேஷின் பாட்டை அனுதாபக் கணக்கில் எழுதியது அநியாயம் என்பதே என் எண்ணம். அந்தத் தொண்டையும் ஒரு மரபில் தேர்ந்த தொண்டை. கிராமிய மேடைகள்தான் அதன் குருகுலம். ஆனால் அவர் பெற்ற வாக்குகள் அதற்கு மட்டும் விழுந்தவை என்றும் சொல்ல மாட்டேன்.

வாக்கு எண்ணும் விதியே முடிவை மாற்றும் என்பது 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் போர்தா, கோந்தோர்சே என்ற கணித அறிஞர்கள் காட்டியது. எளிய கணக்காகச் சொல்கிறேன். 100 வீடுகள். நாட்டுப்புறப் பாடகருக்கு 40 வீடு. சங்கீதப் பயிற்சி உள்ள இருவரில் ஒருவருக்கு 35, மற்றவருக்கு 25. ஒரே மூச்சில் எண்ணினால் 40 வெல்லும். அந்த 25 வீட்டுக்காரர்களும் தங்கள் ஆள் இல்லையென்றால் 35க்குப் போவார்கள் என்றால், இருவர் மட்டும் மோதும்போது 60க்கு 40. பாட்டு மாறவில்லை, ஆளும் மாறவில்லை, எண்ணும் முறைதான் மாறியது. வாரா வாரம் ஒருவரை வெளியேற்றும்போது அவர் வாக்கு வேறொருவருக்கு நகர்கிறது. இறுதிச் சுற்றில் நான்கைந்து பேரை ஒன்றாக நிறுத்தும்போது நகர்வதில்லை, சிதறுகிறது. அதனால் கணிப்பவர் ஆட்களை எண்ணுவதற்கு முன் பாணிகளை எண்ண வேண்டும். தன் பாணியில் தனியாக நிற்பவருக்குக் கடைசி நாளில் பெரிய வசதி இருக்கிறது.

ஒருவரே பல வாக்குப் போடலாம் என்றால் கணக்கு இன்னும் புரளும். பரவலாகப் பிடித்தவரை, சிலருக்கு வெறியாகப் பிடித்தவர் முந்துவார். 2007 'இந்தியன் ஐடல்' இதற்குப் பெரிய சாட்சி. கொல்கத்தா காவல்துறையில் வேலை பார்த்த டார்ஜிலிங்காரர் பிரசாந்த் தமாங்குக்காக மலை மக்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். எதிரே நின்ற ஷில்லாங்கின் அமித் பாலுக்கு மேகாலயம் திரண்டது. இறுதிச் சுற்றில் கோடிக்கணக்கில் வாக்கு விழுந்தது. தமாங் வென்றார். அந்தத் திரட்டலில் முன்நின்ற பிமல் குருங் அதே ஆண்டு கூர்க்கா ஜனமுக்தி மோர்ச்சா கட்சியைத் தொடங்கினார். ஒரு பாட்டுப் போட்டி ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தன் தலையை எண்ணிப் பார்க்க வாய்ப்புத் தந்திருக்கிறது. அதைச் சங்கீதத் தீர்ப்பு என்று படித்தால் நமக்கு எதுவுமே புரியாது.

கடல் கடந்த தமிழர்களின் பாசமும் அப்படித்தான். 2012இல் 'சூப்பர் சிங்கர்' ஜூனியர் போட்டியில் ஆஜித் வென்றார். கலிபோர்னியாவிலிருந்து வந்த பிரகதி இரண்டாமிடம். 2015இல் ஸ்பூர்த்தி வென்றார். கனடாவில் வளர்ந்த ஈழத்துப் பெண் ஜெசிக்கா இரண்டாமிடம் பெற்று, பரிசுத் தங்கத்தை ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது எங்கள் வீட்டில் அழாதவர் இல்லை. 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' பட்டம் யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவுக்குப் போனது. மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் கைதட்டிய ராத்திரி அது.

இனி அத்தை மகனின் கேள்வி. ஜெயிப்பவரை முன்கூட்டிச் சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். அதற்குக் காதைவிடக் கணக்கே அதிகம் உதவும். 2006இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டிக்கு 'டயல்ஐடல்' என்ற ஏற்பாடு வந்தது. வாக்குப் போடும் தொலைபேசி எண்களை அதன் மென்பொருள் அழைக்கும். எந்தப் பாடகரின் எண் அதிக நேரம் 'பிஸி'யாக இருக்கிறதோ அவருக்கு அதிக வாக்கு என்று கணக்கெடுக்கும். பாட்டையே கேட்காத கணிப்பு. பல வாரம் பலித்தது, சில வாரம் பொய்த்தது. 2012இல் சில ஆய்வாளர்கள் ட்விட்டர் பேச்சை எண்ணி 'அமெரிக்கன் ஐடல்' முடிவுகளை ஒப்பிட்டார்கள். வாக்கு நேரத்தில் யாரைப் பற்றி அதிகம் பேசினார்களோ அவர் தப்பினார். ஆனால் இறுதிச் சுற்றில் ஜெசிக்கா சான்செஸுக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து பேச்சு வெள்ளமாக வந்தது. அங்கிருந்து வாக்குப் போட முடியாது. எங்கிருந்து வந்த பேச்சு என்று பிரிக்காதவரின் கணிப்பு வழுக்கியிருக்கும். நம் போட்டிகளுக்கு யூடியூப் பார்வைகளை எண்ணிப் பந்தயம் கட்டும் தம்பிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பழைய முடிவுகளும் கணிப்புக்கு உதவும். 2008 முதல் 2012 வரை ஐந்து ஆண்டும் 'அமெரிக்கன் ஐடல்' பட்டம் கிட்டாரோடு நின்ற வெள்ளை இளைஞருக்கே போனது. 'சூப்பர் சிங்கர்' பெரியவர் போட்டியில் முதல் எட்டுப் பருவமும் ஆண்களே வென்றார்கள். 2023இல் அருணா வென்றபோதுதான் அந்தத் தொடர் அறுந்தது. ஜூனியர் போட்டியிலோ அல்கா, ஸ்பூர்த்தி, பிரித்திகா என்று பெண் குழந்தைகள் வென்றுகொண்டே இருந்தார்கள். கணிப்பவருக்கு இது பொன்னான தகவல். பெண்கள் வளர்ந்ததும் குறைவாகப் பாடுகிறார்கள் என்று இதிலிருந்து யாராவது முடிவு கட்டினால் அது பிழை மட்டுமல்ல, கொடுமை.

கணிப்புக்கு ஒரு எல்லையும் உண்டு. 2006இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 14,000க்கும் மேற்பட்டவர்களைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அறிமுகமில்லாத 48 பாடல்களைக் கேட்கவைத்தார்கள். தன் கூட்டத்தில் மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்பது எட்டுக் கூட்டங்களில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கூட்டத்தில் முதலிடம் வந்த பாட்டு இன்னொரு கூட்டத்தில் மிகவும் பின்னால் கிடந்தது. மிக நல்லவை அரிதாகவே அடியில் போயின, மிக மோசமானவை அரிதாகவே மேலே வந்தன. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்றிருந்தது. முதல் சில பேரின் கை எந்தப் பக்கம் நீண்டதோ அந்தப் பக்கம் கூட்டம் போயிற்று. இறுதிச் சுற்றுக்கு வரும் ஐவரும் நல்ல பாடகர்களே; அவர்களுக்குள் அடுத்து நடப்பதில் பெரும்பங்கு இந்தக் கை நீட்டல்தான்.

ஓட்டத்தைப் பார்த்து ஏமாந்த கதை எங்கள் கடலுக்கும் உண்டு. எதிர்க்கரையில், இலங்கைப் பார்களில், 1903 முதல் தொடர்ந்து முத்துக்குளிப்பு கொழித்தது. 1905இல் மட்டும் சுமார் 8 கோடிச் சிப்பி. எங்கள் கரைக் குளியாட்களும் அங்கே போவார்கள். அந்த வேகத்தைப் பார்த்து 1906இல் ஒரு லண்டன் கம்பெனி பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை. 1912இல் கம்பெனி கலைந்தது. தூத்துக்குடிப் பக்கமும் 1928க்குப் பிறகு நீண்ட இடைவெளி விட்டு, 1955 முதல் 1961 வரை குளிப்பு நடந்து, அதோடு நின்றது. நாலு வாரம் கைதட்டல் வாங்கிய பிள்ளையை வெற்றியாளர் என்று எழுதிவைப்பவரைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குத்தகைதான் ஞாபகம் வரும்.

கணிப்பவர் எப்படிப் பேச வேண்டும் என்பதற்குத் துறைமுகத்தில் ஒரு மாதிரி இருக்கிறது. புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண் வைத்து ஏற்றப்படும். 1ஆம் எண்ணைப் பார்த்து யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. 10ஆம் எண்ணைப் பார்த்து யாரும் கட்டுமரம் தள்ளுவதில்லை. அதுபோல, "இவர்தான்" என்று அடித்துச் சொல்லாமல் "பத்தில் ஆறு வாய்ப்பு" என்று சொல்லி, சொன்னதை எழுதிவைத்து, வருஷக் கடைசியில் சரிபார்ப்பவரே நேர்மையான கணிப்பாளர். பத்தில் ஆறு என்று அவர் சொன்னவற்றில் பத்துக்கு ஆறு பலித்திருக்க வேண்டும். ஒன்பது பலித்திருந்தாலும் அவர் அளவு தப்பியவர்தான்.

பட்டம் வாங்கிய பிறகு என்ன ஆகிறது? 2011இல் சாய்சரண் வென்ற 'சூப்பர் சிங்கர்' பருவத்தில் பட்டம் கிட்டாத சத்யபிரகாஷ், பின்னாளில் ஏ.ஆர். ரகுமான் இசையில் 'ராசாளி', 'ஆளப்போறான் தமிழன்' பாட்டுகளில் ஒலித்தார். 2005இல் 'ஃபேம் குருகுல்' போட்டியின் இடையில் வெளியேறியவர் அரிஜித் சிங். 'அமெரிக்கன் ஐடல்' ஏழாமிடம் ஜெனிபர் ஹட்சன், 2007இல் ஆஸ்கர் வாங்கினார். இந்தப் பெயர்களைச் சொல்லித் தோற்ற பிள்ளைகளைத் தேற்றுவது வழக்கம். எனக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் பிரஸ்ஸல்ஸ் கணக்கு வேறொன்றையும் காட்டியது. குலுக்கலில் நல்ல நாள் கிடைத்து மேலிடம் பெற்றவர்களுக்கு, அந்த இடத்தாலேயே பின்னாளில் அதிக வாய்ப்பு வந்திருக்கிறது. தரத்தை அளக்காத எண்ணும் வாழ்க்கையை மாற்றிவிடுகிறது. அதனால்தான் இந்த எண்களை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அதிலும் பத்து வயதுக் குழந்தையின் பெயருக்கு எதிரே எழுதும்போது.

எங்கள் மாவட்டத்துக் குரல்கள் இரண்டை நினைத்துப் பார்க்கிறேன். தூத்துக்குடியில் 1927இல் பிறந்த ஜே.பி. சந்திரபாபு, தொண்டையை உடைத்து உடைத்துப் பாடும் யோடலிங்கைத் தமிழ்ச் சினிமாவுக்குள் கொண்டுவந்தவர். சுருதிக் கட்டத்தில் அவருக்கு எத்தனை போடுவது? விளாத்திகுளம் சுவாமிகள் (1889–1965) குருகுலம் எதிலும் முறையாக இருந்து கற்காதவர். சாகித்தியமே இல்லாமல் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிப்பவர். பக்கத்து இடைசெவலின் கி. ராஜநாராயணன் அந்த இசையில் தோய்ந்தவர். இரண்டரை நிமிஷச் சுற்றில் சுவாமிகள் தொண்டையைக் கனைத்து முடித்திருக்க மாட்டார்.

போட்டி நடத்துபவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முடிந்த பிறகு வாக்கு எண்ணிக்கையை முழுதாக வெளியிடுங்கள். 2003 'அமெரிக்கன் ஐடல்' போட்டியில் ரூபன் ஸ்டட்டார்ட் 2 கோடியே 40 லட்சம் வாக்கில் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் வித்தியாசத்தில் வென்றார் என்று ஊருக்கே தெரிந்ததால், தோற்ற கிளே ஐக்கனை யாரும் சிறுமையாகப் பார்க்கவில்லை. பாடும் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள், அதை மேடையிலேயே செய்யுங்கள். ஒரு சுற்றாவது நடுவர்கள் திரும்பி உட்கார்ந்து கேட்கட்டும். நடுவர் தீர்ப்பையும் மக்கள் வாக்கையும் இரண்டு பரிசாகவே கொடுத்துவிடுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இடப்பக்கம் பெயர் எழுதுவாள். அவள் மகன் வலப்பக்கம் பத்தில் இத்தனை என்று எழுதுவான். முடிவு வரும்வரை ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்க்கக் கூடாது. கடைசியாகப் பார்த்த இறுதிச் சுற்றில் அவன் 'பத்தில் ஏழு' போட்ட பெயர் வென்றது. அத்தை எழுதிய பெயர் மூன்றாவதாக வந்தது. நோட்டை வாங்கிப் பார்த்தவள், தான் எழுதியதை அடிக்காமல், அதன் கீழே அந்தப் பிள்ளை பாடிய ராகத்தின் பெயரையும் எழுதிவைத்தாள்.